உள்ளே தங்கிய இரண்டு கற்கள்

ஸ்போட்ஸ்பியர்க், லாங்கெலாண்ட் தீவு
மார்ச் 9, 2024

அன்புள்ள தோர்கில்டுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி முடிவைப் பார்த்துவிட்டுத்தான் நீ முன்னால் வருவாய். அறுவை மருத்துவராக இருந்த நாற்பது வருஷமும் நோயாளிகளின் காகிதங்களை அப்படித்தானே படித்தாய்? ஹென்னிங்கும் நலம். உன் பழைய வீட்டை வாங்கிய தம்பதி நடுவில் இருந்த வேலியை வெட்டிவிட்டார்கள். இப்போது அவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது வரை எங்களுக்குத் தெரிகிறது. ஓட்ஸ் கஞ்சி, தினமும். ஹென்னிங்குக்கு அவர்கள்மேல் ஒரே பரிதாபம்.

குளிர்காலக் குளியல் சங்கத்தில் இந்த வருஷம் பதினேழு பேர். கடல் இரண்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது. நீ போர்த்துகல் போன பிறகு, ஏணியில் நின்றபடி இறங்கவும் செய்யாமல் ஏறவும் செய்யாமல் மற்றவர்களுக்கு உத்தரவு போட ஆள் இல்லை. நானும் நவம்பரிலிருந்து தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய். காகிதத்தில் நான் பேசி முடிக்கிறவரை நீ சும்மா இருந்துதான் ஆக வேண்டும்.

போன ஆகஸ்டில் ஆரம்பித்தது. என் வேலைதான் உனக்குத் தெரியுமே. படகுத்துறையில் கார்களையும் லாரிகளையும் கையசைத்துக் கப்பலுக்குள் அனுப்பி, ஒரு விரல் இடைவெளியில் நிறுத்த வைப்பது. வலது கையைத் தூக்கினால் விலாவுக்குப் பின்னால் யாரோ உள்ளிருந்து குத்துவதுபோல இருந்தது. குடும்ப டாக்டர் ஊஃபெயிடம் போனேன். "சதை பிடிச்சிருக்கும் விபெக்கே. அறுபத்திமூணு வயசாச்சு, லாரிக்காரங்களோட கையை நீட்டிச் சண்டை போடுறதைக் கொஞ்சம் கொறச்சுக்கோ" என்றார். நான் சண்டை போடுவதே இல்லை, அவர்கள் சொன்ன இடத்தில் நிறுத்தினால்.

பிறகு காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தார், போனது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி போனது. இப்படியே இலையுதிர்காலம் முழுக்க. நடுவில் ஏழு கிலோ குறைந்தேன். கப்பல் சமையலறையில் வேலை செய்யும் பெண், "என்ன டயட் அது, எனக்கும் சொல்லிக் குடேன்" என்று பின்னாலேயே சுற்றினாள். ஹென்னிங் க்ரீம் கேக் சுட ஆரம்பித்தார். அவர் சுட்ட கேக்கை நீ சாப்பிட்டிருக்கிறாய். நோயைவிட அது கஷ்டம்.

நவம்பரில் ஒரு நாள் குளித்துவிட்டு முதுகைத் துடைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலது பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே, கோழிமுட்டை அளவு. ஊஃபெ அதை அழுத்திப் பார்த்தார். இந்த முறை லாரிக்காரர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் காகிதம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் பின்னால் ஒரு வளர்ச்சி, அது முதுகுச் சதை வரை ஊடுருவியிருக்கிறது என்றார்கள். புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திடீரென்று மிகவும் அன்பாகிவிட்டார்கள், எல்லாத் தேதிகளும் உடனே கிடைத்தன. நம் நாட்டில் மருத்துவமனைத் தேதி உடனே கிடைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் தைரியமாகத்தான் இருந்தேன். அலமாரிகளை எல்லாம் ஒழித்தேன், குளிர்பெட்டியில் உள்ள டப்பாக்களுக்கு ஹென்னிங்குக்குப் புரியும்படி பெயர் எழுதி ஒட்டினேன். அதன்பிறகு ஒன்றைக் கவனித்தேன். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷமாக என் ஜோக் எதற்கும் சிரிக்காத மனுஷன், எல்லாவற்றுக்கும் சிரிக்க ஆரம்பித்திருந்தார். பழைய ஜோக்குக்குக்கூட. அப்போதுதான் தோர்கில்ட், எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அங்கே ஒரு பெண் டாக்டர், ஸொல்வை லிண்ட் என்று பெயர். நீ ஓய்வு பெற்ற பிறகு வந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். அந்த நாலு சின்னத் தழும்புகளில் விரலை வைத்து, "இது எப்ப?" என்றாள். பித்தப்பை எடுத்தது, லேப்ராஸ்கோப்பி, பன்னிரண்டு வருஷமாச்சு என்றேன். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது செத்துச் சுண்ணாம்பாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கணினியில் எதையோ தேடினாள். நெடுநேரம் படித்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, ஒரே ஒரு வரியைப் படித்துக் காட்டினாள்: 'அறுவையின்போது பை கிழிந்து கற்கள் சிதறின; இரண்டு கற்கள் தேடியும் கிடைக்கவில்லை.'

"பை போயிடுச்சு விபெக்கே. கல்லு ரெண்டு போகலைன்னு நெனைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது, பாத்துடலாம் வாங்க" என்றாள்.

அல்ட்ராசவுண்ட் கருவியை முதுகில் வைத்து உருட்டினாள். கறுப்புக் குட்டைக்கு நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிழல். குட்டை முழுக்கச் சீழ். ஊசி போட்டு எடுத்து, குழாய் வைத்து ஒன்பது நாள் வடிய விட்டார்கள். அந்தக் குழாயோடு நான் வார்டு முழுக்க நடந்தேன். எதிரே வருகிற சக்கர நாற்காலிகளைக் கையசைத்து ஓரம் ஒதுக்கினேன், பழக்க தோஷம். ஜனவரியில் சின்னதாக ஒரு கீறல் போட்டுக் கற்களை எடுத்தார்கள். பட்டாணி அளவு ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று. பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோயின் சுவடுகூட இல்லை.

வெளியே வந்தால், காரை எங்கே நிறுத்தினோம் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. வாழ்நாள் முழுக்கக் கார்களை வரிசையில் நிறுத்தியவள் நான். அரைமணி நேரம் மழையில் தேடினோம். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஹென்னிங் அழுதுகொண்டே நடந்தார்.

இனிமேல் எழுத வேண்டியதுதான் கஷ்டம். அந்த வரிக்குக் கீழே இருந்தது உன் பெயர்.

வேறு யார் பெயர் இருக்கும்? நீதான் செய்தாய், எனக்குத் தெரியாதா? ஆனாலும் திரையில் பார்த்தபோது அதை இரண்டு தடவை படித்தேன். மகள் கத்ரினெ கொதித்துப் போயிருக்கிறாள். "அம்மா, அந்த ஆளு பத்து கிறிஸ்துமஸுக்கு நம்ம மேஜையில உக்காந்து பன்றி வறுவல் சாப்பிட்டாரு. ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நீ அஞ்சு மாசம் காய்ச்சல்ல கெடந்திருக்க வேண்டாமே" என்கிறாள். புகார்ப் படிவத்தை அவளே நிரப்பிவிட்டாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தினமும் ரொட்டி எடுக்கும்போது அதைத் தள்ளி வைக்கிறேன்.

எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. என்னிடம் சொன்னாயா? சொல்லி நான் மறந்திருந்தால் அப்படியே எழுது, நான் மறக்கக்கூடியவள்தான். சொல்லவில்லை என்றால், ஏன் என்று எழுது. இரண்டில் எதுவானாலும் உனக்கு எங்கள் வீட்டில் நாற்காலி உண்டு. ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

அங்கே இப்போதே ஆரஞ்சு பழுத்திருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
விபெக்கே


தவீரா, போர்த்துகல்
மார்ச் 24, 2024

அன்புள்ள விபெக்கேவுக்கு,

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். அதனால் உன் கேள்விதான் முதலில் கண்ணில் பட்டது. பதிலையும் முதலிலேயே எழுதுகிறேன். சொன்னேன். ஆனால் நீ கேட்கும்படி சொல்லவில்லை.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் பித்தப்பை வீங்கிப் பழுத்திருந்தது. இடுக்கியால் பிடித்த இடத்தில் கிழிந்துகொண்டது. கற்கள் சிதறின. அப்படி நடப்பது அபூர்வமில்லை. கழுவினோம், உறிஞ்சினோம், ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். இரண்டு கற்கள் கல்லீரலுக்குப் பின்னால் உருண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். முக்கால் மணி நேரம் தேடினேன். வயிற்றைப் பெரிதாகத் திறந்து தேடலாமா என்று யோசித்தேன். திறந்தால் உனக்கு ஒரு சாண் காயம். உள்ளே கிடக்கிற கற்களோ பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாமல் கடைசிவரை கிடக்கும். விட்டுவிட்டேன். அந்த முடிவுக்காக நான் வருந்தவில்லை. இன்றைக்கும் அதையே செய்வேன்.

தவறு நடந்தது மறுநாள் காலையில். நான் வார்டுக்குள் வந்தபோது, பக்கத்துக் கட்டில்காரிகள் மூன்று பேரையும் நீ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். ஒரு ஜெர்மன்காரர் படகென்று நினைத்துப் பழைய மேடையில் காரை ஏற்றிய கதை. நான் கட்டில் ஓரம் நின்று, "ரெண்டு கல்லு உள்ளேயே குடித்தனம் வந்திடுச்சு விபெக்கே. தொந்தரவு பண்ணாத வரைக்கும் விட்டுடு" என்றேன். நீ உடனே, "ஹென்னிங்கை இருபத்தாறு வருஷமா நான் அப்படித்தானே வச்சிருக்கேன்" என்றாய். வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் அது சொன்னதாகுமா? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காய்ச்சல் வந்தா, வலது பக்கம் வலிச்சா, பத்து வருஷம் கழிச்சானாலும் சரி, டாக்டர்கிட்ட இந்தக் கல்லைப் பத்திச் சொல்லணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. ஊஃபெக்கு அனுப்பிய கடிதத்திலும் நான் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆகஸ்டிலேயே கண்டுபிடித்திருப்பார். அவர்மேல் குற்றமில்லை. கெட்ட செய்தியை வேடிக்கையாக்கி நழுவிவிடுவது என் பழக்கம். நோயாளிகள் அதற்காகவே என்னை நேசித்தார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

கத்ரினெ சொல்வது சரி. படிவத்தில் கையெழுத்துப் போடு. இந்தக் கடிதத்தையும் அதோடு இணைத்து அனுப்பு. என்னை நினைத்து அதை ரொட்டிப் பெட்டி பக்கம் வைத்திருக்காதே. டாக்டர் ஸொல்வை லிண்டுக்கு என் வணக்கத்தைச் சொல். ஸ்கேனை ஓரம் வைத்துவிட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள் பார், எங்கள் தொழிலில் அது பெரிய விஷயம்.

என்னைப் பற்றி எழுத அதிகமில்லை. எதிர் வீட்டு மீன்காரர் தினமும் சாளை மீனைச் சுட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். முன்பு போவேன், இப்போது போவதில்லை. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும், வலது தோள்பட்டை வரை போகும், பிறகு தானாக விட்டுவிடும். கொஞ்ச மாதமாக அப்படி. சோறும் வேகவைத்த கேரட்டும் மட்டும் சாப்பிட்டால் பெரும்பாலும் தொந்தரவில்லை. வயதாகிவிட்டது, வேறென்ன. கோடையில் தீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். இந்த வருஷம் பயணம் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஹென்னிங்கிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

நீ பிழைத்து வந்ததை இரண்டாம் முறை முதல் பக்கத்திலிருந்து முறையாகப் படித்தேன். மழையில் கார் தேடிய இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது.

என்னை மன்னித்துவிடு. இதை நான் சிரிக்காமல் எழுதுகிறேன்.

உன்,
தோர்கில்ட்


ஸ்போட்ஸ்பியர்க்
ஏப்ரல் 6, 2024

அன்புள்ள தோர்கில்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கத்ரினெயும் வீட்டில் இருந்தாள். நான் சத்தமாகவே படித்தேன். ஜெர்மன்காரர் வந்த இடத்தில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆமாம், நீ சொன்னாய், நான் பதிலுக்குப் பதில் அடித்தேன். என் வாய் மூடியிருந்தால் நீ நாற்காலியைத் தேடியிருப்பாயோ என்னவோ. ஹென்னிங், "பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியணுமா, நீ என்னைக் கல்லோட சேத்து வச்சேன்னு?" என்று கேட்டார். அதுதான் அவர் மனசில் பட்ட முதல் விஷயம்.

மன்னிப்பு என்று நீ கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வேடிக்கை பண்ணி ஒதுக்கவில்லை. மன்னித்தேன். எழுதி முடித்தாயிற்று, இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். உன்மேல் கோபத்தில் இல்லை. நீ சொன்ன அந்த ஒரு நிமிஷம் இன்னொருத்திக்குக் கிடைக்கட்டும் என்றுதான். கத்ரினெ அவள் எழுதியிருந்த மூன்று காரமான வாக்கியங்களை அவளே அடித்துவிட்டாள். உன் கடிதத்தைத் தனி உறையில் வைத்து, அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, 'இதைத் தயவுசெய்து முழுதாகப் படிக்கவும்' என்று எழுதினாள். டாக்டர் ஸொல்வையிடம் உன் வணக்கத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

வெட்டு ஆறிவிட்டது. ஏழு கிலோவில் ஐந்து திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதல் லாரிக்காரன் நான் காட்டிய இடத்தில் நிறுத்தாமல் தள்ளி நிறுத்தினான். அவனைத் திட்டியபோதுதான் உடம்பு முழுசாகக் குணமாகிவிட்டது என்று நம்பினேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

வேகவைத்த கேரட். தோர்கில்ட், உன்னை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். பன்றி வறுவலின் மொறுமொறுப்பான தோலுக்காகக் குழந்தைகளோடு சண்டை போட்டவன் நீ. சாப்பிட்டு ஒரு மணி நேரம், வலது விலா, வலது தோள்பட்டை, எண்ணெய் ஆகாது. இதைப் படித்தபோது ஹென்னிங் கரண்டியைக் கீழே வைத்தார். "இது என்னன்னு எனக்கே தெரியுதே. நான் தச்சன்" என்றார். எத்தனை ஆயிரம் பேரின் பித்தப்பையை வெளியே எடுத்திருப்பாய்! உன் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்து இதையே சொன்னால், 'வயசாயிடுச்சு, கேரட் சாப்பிடுங்க' என்றா அனுப்புவாய்?

நான் ஸொல்வையிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவள் பெயர் கேட்காமலே புரிந்துகொண்டாள். "முதல்ல அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்க. கண்ணு மஞ்சளானாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, வலி விடாமப் பிடிச்சாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி" என்றாள். கொஞ்சம் தயங்கி, "இந்த விஷயத்துல டாக்டருங்கதான் ரொம்ப மோசமான நோயாளிங்க. யாராவது கூடப் போறது நல்லது" என்றும் சொன்னாள்.

ஆகவே நாங்கள் வருகிறோம். பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதிய விமானம். எனக்கு இரண்டு வாரம் விடுப்புக் கிடைத்துவிட்டது. ஹென்னிங் மூன்று பாட்டில் ஊறுகாய் ஹெரிங் மீன் கட்டி வைத்திருக்கிறார். உனக்கில்லை, தனக்கு. நீ கேரட்டைத் தின்றுகொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிரு. அதற்குள் உன் ஊர் மருத்துவமனையில் ஒரு தேதி வாங்கி வை. தேதி கிடைக்கவில்லை என்று சாக்கு எழுதாதே. போர்த்துகீசு மொழி எனக்குத் தெரியாது, ஆனால் கையசைத்தே இருபது டன் லாரியைப் பின்னால் போக வைப்பவள் நான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லலாமா கூடாதா என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். உன் மனைவி இங்கரை மருத்துவமனையில் அந்தக் கதவுக்குள் அனுப்பிவிட்டு நீ வெளியே உட்கார்ந்திருந்தாயே, அவள் திரும்பி வராத அந்த வாரத்துக்குப் பிறகு நீ எந்த மருத்துவமனைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. ஓய்வு பெறும் நாளன்று கொடுத்த விருந்துக்குக்கூட நீ போகவில்லை. வீட்டை விற்றாய், வெயில் வேண்டும் என்றாய், போய்விட்டாய். வெயிலுக்காக இல்லை என்று நானும் ஹென்னிங்கும் கத்ரினெயும் அறிவோம். நீ சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தத் தப்பு எங்களுடையது.

பயப்படாதே என்று நான் எழுதப் போவதில்லை. டிசம்பரில் என்னிடம் எத்தனையோ பேர் அப்படிச் சொன்னார்கள், ஒன்றும் உதவவில்லை. பயம் இருக்கட்டும். அதோடேயே சட்டையை மாட்டிக்கொண்டு, அதோடேயே வாசல் வரைக்கும் வா. அங்கே நாங்கள் நிற்போம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஹென்னிங். உன்னால் நடக்க முடியும்.

ஆண்டவன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். பத்தொன்பதாம் தேதிவரை நீயும் உன்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள். எங்கள் இரண்டு பேருக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது, தோர்கில்ட். புதிதாக ஒரு நண்பனைத் தேடிப் பழக இனி எங்களுக்கு முப்பது வருஷம் இல்லை.

என்றும் அன்புடன்,
விபெக்கே